அட்டையின் பின்பக்கம்

அகராதிக் குழுத் தலைவருக்குச் ‘சொற்கடல்’ என்று ஒரு பட்டம் உண்டு. பட்டத்தை வழங்கியது ஒரு மன்றம். அப்போது அந்த மன்றத்துக்குத் தலைவராக இருந்தவரும் அவரேதான். தனக்குத் தானே வழங்கிக்கொண்டால் நன்றாயிராது என்று துணைத் தலைவரைவிட்டு வழங்கச் செய்தார். சான்றிதழைச் சட்டம் போட்டு, குழு கூடும் பதிப்பகத்தின் மாடியறையில், வாசலுக்கு நேர் எதிரே, தம் கையாலேயே ஆணியடித்து மாட்டியிருந்தார். உள்ளே வருகிறவர் முதலில் கடலைக் கடந்துதான் நாற்காலிக்குப் போக வேண்டும்.

அந்தப் பதிப்பகம் குழந்தைகளுக்காக ஒரு புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தது. ஒன்றுபோலத் தோன்றும் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, இது எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது என்று எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லும் புத்தகம். பதிப்பகத்தை நடத்தும் முதலாளியம்மா அதற்கு வைத்த பெயர் ‘இதுவும் அதுவும் ஒண்ணா?’ சொற்கடல் அதைச் ‘சிறார்க்கான ஒருபொருட்பன்மொழி நுண்வேறுபாட்டு விளக்கப் பேரகராதி’ என்று உயர்த்தினார். முகப்பில் பெயரை எழுதிய பிறகு படம் வரைய இடமில்லை என்று ஓவியர் வந்து சொன்னார்.

“படம் எதற்கு? பெயரே ஒரு காட்சிதானே” என்றார் சொற்கடல்.

“ஆமாம், காட்சிதான்” என்றார் அவருக்கு வலப்பக்கம் உட்காருகிறவர். அவரை அலுவலகத்தில் ஆமாஞ்சாமி என்பார்கள். இடப்பக்கம் உட்காருகிறவருக்கு அடிக்குறிப்பு என்று பெயர். அவர் எதையும் நேரே சொல்ல மாட்டார். மழை பெய்கிறதா என்று கேட்டால், பெய்கிறது என்பாரும் உளர் என்பார். இந்த மூவரும்தான் குழு.

குழுவின் வேலைமுறை இது. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அட்டையின் முன்பக்கத்தில் விளக்கத்தை மையால் எழுத வேண்டும். மூவரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்தான அட்டை மர இழுப்பறைக்குள் போகும். அங்கிருந்து அச்சுக்குப் போகும். மூன்றில் ஒரு கையெழுத்து இல்லாவிட்டாலும் அட்டை நகராது. இந்த விதியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னவர் சொற்கடல். பதினோரு மாதத்தில் நூற்று நாற்பது அட்டை முடிந்திருந்தது.

அட்டைகளில் எழுத்துப்பிழை பார்த்து இழுப்பறையில் அடுக்குவது புரூஃப் அக்காவின் வேலை. அந்தப் பதிப்பகத்தில் பதினேழு வருடமாகப் பிழை திருத்துகிறவர். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அவருக்கு அந்த அறையில் ஒரு நாற்காலி உண்டு, கருத்து கிடையாது.

ஒரு நாள் மூன்று அட்டைகள் சேர்ந்து வந்தன. சொற்கடல் எழுதியது: ‘சிணுங்கல் – முனகலினும் சற்றே உயர்ந்த ஒலி.’ ஆமாஞ்சாமி எழுதியது: ‘முனகல் – முணுமுணுப்பை ஒத்தது.’ அடிக்குறிப்பு எழுதியது: ‘முணுமுணுப்பு – சிணுங்கலின் ஒரு வகை எனக் கருதப்படும்.’ ஒவ்வொருவரும் தனித்தனியே வீட்டில் உட்கார்ந்து எழுதி வந்ததால், மற்ற இருவர் என்ன எழுதினார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. கையெழுத்து மட்டும் ஒன்பதும் சரியாக இருந்தது.

“ஐயா, இந்த மூணு அட்டையும் ஒண்ணை ஒண்ணு கைகாட்டுது” என்றார் புரூஃப் அக்கா.

“அகராதி என்றால் அப்படித்தான் அம்மா. சொல் சொல்லைக் காட்டும்.”

“வழி கேக்கற பிள்ளைக்கு, மூணு பேரும் அடுத்த வீட்டுல கேளுன்னு சொன்னா எப்படிங்க ஐயா? யாராவது ஒருத்தர் வாசல்ல நிக்க வேணாமா? காய்ச்சல்ல முனகுவோம்னு ஒரு உதாரணம் போட்டாக்கூடப் போதும்.”

சொற்கடல் பேனாவை மூடினார். முக்கியமானதைச் சொல்லும்போது அவர் பேனாவை மூடுவார். “எடுத்துக்காட்டு என்பது என்ன? விளக்கம் தோற்ற இடத்தில் வைக்கும் முட்டுக்கட்டை. இந்த நூலில் ஒரு முட்டுக்கட்டையும் இராது.”

“ஆமாம், இராது” என்றார் ஆமாஞ்சாமி.

புரூஃப் அக்கா மூன்று அட்டைகளையும் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. காதிலிருந்த பென்சிலை எடுத்தார். முன்பக்கத்தைத் தொடக் கூடாதென்றுதான் விதி. பின்பக்கத்தைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. அவர் வீட்டில் ஆறு வயதில் ஒன்றும் ஒன்பது வயதில் ஒன்றும் இருந்தன. சிணுங்கலுக்கும் முணுமுணுப்புக்கும் அங்கே பஞ்சமில்லை. நாலு மாதத்தில் பழைய அட்டைகள் உட்பட நூற்று நாற்பதுக்கும் பின்பக்கம் எழுதி முடித்தார். யாரும் பார்க்கவில்லை. குழுவினர் கையெழுத்திட்ட அட்டையைத் திரும்பப் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அல்லர்.

திங்கட்கிழமை காலை ஓவியர் கதவை வேகமாகத் திறந்ததில் காற்றடித்து, மேசைமேல் எடுத்து வைத்திருந்த நாலைந்து அட்டைகள் தரையில் பறந்தன. சொற்கடலின் காலடியில் விழுந்தது ‘பீற்றல்’. குப்புற விழுந்திருந்தது. குனிந்து எடுத்தவர் பென்சில் எழுத்தைப் பார்த்தார். அவருக்கு எதையும் உரக்கப் படித்துத்தான் பழக்கம்.

“பெருமை என்பது, நீ வரைந்த படத்தை அம்மா சுவரில் மாட்டும்போது வருவது. பீற்றல் என்பது, அதை நீயே மாட்டிவிட்டு, வருகிறவர்களையெல்லாம் அந்தப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு…”

முடிக்கவில்லை. அவர் கண் தானாகச் சுவருக்குப் போனது. ஆமாஞ்சாமியின் கண்ணும் பின்தொடர்ந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ‘ஆமாம்’ என்று சொல்லாமல் அடக்கிக்கொண்டார்.

“இது யார் எழுத்து?”

“என்னோடதுதாங்க ஐயா” என்றார் புரூஃப் அக்கா.

“பிழை திருத்துபவர் பிழையைத் திருத்தலாம். நூல் எழுதக் கூடாது.”

“நூல் எழுதலைங்க. முட்டுக்கட்டைதான் போட்டேன்.”

முதலாளியம்மா மேலே வரவழைக்கப்பட்டார். கீழே இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தவர், கையை ஒரு பழந்துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். இழுப்பறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அட்டைகளை எடுத்து முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் படித்தார். ஓரிடத்தில் சிரித்துவிட்டு, சொற்கடல் பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்து இருமலாக மாற்றினார்.

“இந்த அம்மாள் இந்த அறையில் இருந்தால் நான் இருக்க மாட்டேன்” என்றார் சொற்கடல்.

முதலாளியம்மாவின் தகப்பனார் காலத்திலிருந்து அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தைப் புத்தகம் எதுவும், அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டாமல் அச்சேறாது. பிள்ளைகள் கொட்டாவி விட்ட பக்கங்கள் போய்விடும். தகப்பனார் அப்படித் தம்முடைய சொந்தக் கவிதைத் தொகுதியையே கைவிட்டவர்.

“வியாழக்கிழமை ரெண்டு பக்கத்தையும் பிள்ளைங்க முன்னால படிப்போம். எது நிக்குதோ அது அச்சுக்குப் போகட்டும்” என்றார் முதலாளியம்மா. அக்காவைத் தனியே கூப்பிட்டு, “உன்னோடது நிக்கலன்னா நான் உன்ன இங்க வெச்சுக்க முடியாது தாயி. டைரிப் பிரிவுக்குத்தான் போகணும்” என்றார்.

டைரிப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. ஒவ்வொரு வருடமும் ஏப்ரலுக்கு முப்பது நாள்தானா என்று சரிபார்ப்பது அங்கே வேலை. இதுவரை முப்பதாகத்தான் இருந்து வருகிறது.

“நிக்கும்மா” என்றார் புரூஃப் அக்கா.

“எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்ற?”

“அவங்ககிட்டருந்து எடுத்ததுதானே. அவங்க சரக்கு அவங்களுக்குத் தெரியாதா?”

வியாழக்கிழமை காலை மூன்றாம் வகுப்பில் இருபத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள். குழுவினருக்காகப் பெரிய நாற்காலிகள் மூன்று கேட்கப்பட்டிருந்தன. பள்ளியில் ஒன்றுதான் இருந்தது. ஆமாஞ்சாமியும் அடிக்குறிப்பும் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்தார்கள். வகுப்பு டீச்சர் விளையாட்டை விளக்கினார். தாம் ஒரு சொல்லின் விளக்கத்தைப் படிப்பார். பிள்ளைகள் அதை நடித்துக் காட்ட வேண்டும்.

“முதலில் முன்பக்கம்” என்றார் சொற்கடல்.

டீச்சர் படித்தார். “சிணுங்கல். முனகலினும் சற்றே உயர்ந்த ஒலி.”

இருபத்தொன்பது பேரும் டீச்சரையே பார்த்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்த, முன்பல் இரண்டும் விழுந்த சிறுமி கையைத் தூக்கினாள். “மிஸ், முனகல்னா?”

“முணுமுணுப்பை ஒத்தது.”

“முணுமுணுப்புன்னா?”

டீச்சர் மூன்றாவது அட்டையைப் பார்த்தார். பிறகு முதல் அட்டையைப் பார்த்தார். அவர் பொறுமையானவர். “சிணுங்கலின் ஒரு வகை.”

“அப்ப மொதல்ல எதத் தெரிஞ்சுக்கணும் மிஸ்?”

“நல்ல கேள்வி. இது குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு” என்றார் அடிக்குறிப்பு, பெஞ்சிலிருந்து.

கண்ணாடி போட்ட பையன் ஒருவன் பெரிய மனதோடு எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒலி எழுப்பிப் பார்த்தான். அது சிணுங்கலா, வாந்தியா என்று பக்கத்துப் பையனுக்கே சந்தேகம் வந்து நகர்ந்து உட்கார்ந்தான்.

டீச்சர் அட்டைகளைத் திருப்பினார். “முனகல். காய்ச்சலில் படுத்திருக்கும்போது தானாக வருவது. யாருக்கும் கேட்க வேண்டும் என்பதில்லை.”

இருபத்தொன்பது பேரும் பெஞ்சில் சாய்ந்தார்கள். வகுப்பறை ஆஸ்பத்திரி ஆயிற்று.

“முணுமுணுப்பு. போய்க் கை கழுவு என்று சொன்ன பிறகு, போகிற வழியில் பேசுவது. சொன்னவருக்குப் பாதி கேட்க வேண்டும். என்னவென்று புரியக் கூடாது.”

நாலு பேர் எழுந்து குழாயை நோக்கி நடந்தே விட்டார்கள். அவர்கள் முணுமுணுத்ததில் டீச்சரைப் பற்றியும் ஏதோ இருந்தது. எது என்று புரியவில்லை. விளக்கம் அவ்வளவு துல்லியம்.

“சிணுங்கல். கடையில் ஒரு பொம்மைக்கு முன்னால் நின்று, அம்மாவின் கையை இழுத்துக்கொண்டு செய்வது. கண்ணீர் தேவையில்லை.”

பல்லில்லாத சிறுமி மறுபடி கையைத் தூக்கினாள். “மிஸ், அது தப்பு.”

சொற்கடல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கண்ணீர் கொஞ்சம் வேணும் மிஸ். விழக் கூடாது. கண்ணுல நிக்கணும். விழுந்துட்டா அது அழுகை, அடி விழும். ஒண்ணுமே இல்லன்னா திரும்பிப் பாக்க மாட்டாங்க.”

வகுப்பு முழுதும் ஆமோதித்தது. புரூஃப் அக்கா எழுந்து போய் அட்டையை வாங்கி, ‘தேவையில்லை’ என்பதை அடித்து, ‘கண்ணிலேயே நிற்க வேண்டும்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். பதினேழு வருடமாக ஊரார் பிழையைத் திருத்தியவருக்குத் தம் பிழை திருத்தப்பட்டதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இருபது அட்டைகள் படிக்கப்பட்டன. முன்பக்கம் ஒன்றுகூட நிற்கவில்லை. ‘நாணம்’ முன்பக்கத்தைப் படித்தபோது கடைசிப் பெஞ்சில் ஒருவன் தூங்கிவிட்டான். பின்பக்கத்துக்கு அவனை எழுப்ப வேண்டியிருக்கவில்லை, பக்கத்தில் கிளம்பிய சிரிப்பிலேயே எழுந்துவிட்டான்.

“சரி, பின்பக்கமே போகட்டும்” என்றார் முதலாளியம்மா.

சொற்கடல் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தார். கூட்டைப் பையில் வைத்தார். “இனி இந்த நூலுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஓர் அட்டையிலும் என் கையொப்பம் கிடைக்காது” என்று சொல்லி வெளியே நடந்தார். ஆமாஞ்சாமியும் எழ முயன்றார், பெஞ்சு விடவில்லை.

முதலாளியம்மாவின் முகம் விழுந்துவிட்டது. கையெழுத்து இல்லாமல் ஒரு வரியும் மாற்ற முடியாது என்றுதானே ஒப்பந்தம். அக்காவை ஓரமாக இழுத்து, “பயங்கரக் கோவமாப் போறாரு. மன்னிப்புக் கேட்டுருவோம். முன்பக்கமே இருக்கட்டும்னு சொல்லிருவோம். நீ கொஞ்ச நாளைக்குக் கீழ இரு. அவர் ஆறட்டும்” என்றார்.

அக்கா பதில் சொல்வதற்குள் ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

“அவருக்குக் கோவம் இல்ல.”

பல்லில்லாத சிறுமி கம்பிக்கு நடுவே மூக்கை வைத்துத் தாழ்வாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோவந்தான். மூஞ்சி செவந்திருக்கு பாரு” என்றான் கண்ணாடிப் பையன்.

“மூஞ்சி ரெண்டுக்குந்தான் செவக்கும். காலைப் பாரு. கோவம்னா கால் போய்க்கிட்டே இருக்கும். அவரு இங்கயே நிக்கிறாரு. அவரு கோவிச்சுக்கிட்டாரு.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?” என்றார் முதலாளியம்மா.

வகுப்பே அவரை இரக்கத்தோடு பார்த்தது. பதிப்பகமே நடத்துகிறவர், இது தெரியவில்லை.

“கோவம்னா கிட்ட வராதன்னு இருக்கும். கோவிச்சுக்கிட்டா யாராவது வந்து கூப்பிட மாட்டாங்களான்னு இருக்கும்” என்றாள் சிறுமி. “எங்க அப்பா கோவம்னா வெளிய போயிடுவாரு. கோவிச்சுக்கிட்டா மாடிப்படியில உக்காந்துக்குவாரு. சாப்பிடக் கூப்பிடறது கேக்கற படியா பாத்து.”

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சொற்கடல் தாழ்வாரத்தில், ஜன்னலிலிருந்து மூன்றடி தூரத்தில், அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார். அது போன வருடத்து அட்டவணை. பள்ளியின் வாசற்கதவு அந்தப் பக்கம் திறந்தே கிடந்தது.

“அப்ப மன்னிப்புக் கேக்கணுமா?” என்றார் முதலாளியம்மா, குரலைத் தாழ்த்தி. இப்போது அவர் சிறுமியிடம்தான் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

“கேக்கக் கூடாது. கேட்டா நம்ம மேல தப்புன்னு ஆயிடும். சும்மா கூப்பிடணும். வேற ஏதோ வேலைக்குக் கூப்பிடற மாதிரி. மொத தடவ வர மாட்டாரு. மூணாவது தடவ வருவாரு.”

“நான் கூப்பிடறேன்” என்றார் புரூஃப் அக்கா. போகும்போது ஒரு வெற்று அட்டையை எடுத்துக்கொண்டார்.

தாழ்வாரத்தில் அவர் சொற்கடலுக்குப் பக்கத்தில் நின்று தாமும் தடுப்பூசி அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஐயா, உள்ள வாங்களேன். ஒரு சொல்லுக்கு அட்டை இல்லாம நிக்கிறோம்.”

“எனக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.” சொல்லிவிட்டுச் சற்று நின்று, “என்ன சொல்?” என்றார்.

“கோவிச்சுக்கறது.”

“அது பேச்சுவழக்கு. கோபம் என்ற அட்டையிலேயே அடங்கும்.”

“அடங்கலைங்க ஐயா. பிள்ளைங்க வேறங்கறாங்க.”

சொற்கடல் அட்டவணையை விட்டுக் கண்ணை எடுத்தார். ஆயிரம் குறை இருந்தாலும் மனிதர் சொல்லில் கிடந்தவர். கதவைத் தட்டுகிற சொல்லை வெளியே நிறுத்திவைக்க அவரால் ஆகாது. “ஊடல் என்று வைக்கலாமா?”

“ஊடல் புருஷன் பொண்டாட்டிக்குங்க.”

“பிணக்கு?”

“பிணங்க ரெண்டு பேர் வேணும். இத ஒருத்தரே தனியாச் செய்யலாம்.”

“செய்யலாம்தான்” என்றார் சொற்கடல் மெதுவாக. யோசித்துப் பார்த்தார். தாம் நிற்கும் இடத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்; அங்கே ஒரே சமயத்தில் ஏழெட்டுத் தலைகள் கீழே இறங்கின. “இதை எழுதுவது சிரமம் அம்மா. முன்பக்கத்து முறையில் வராது.”

“உங்களுக்கு இப்ப நல்லா வருங்க ஐயா. வாங்க, பிள்ளைங்க காத்திருக்காங்க.”

அவர் அக்காவின் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினார். இருந்தது. ஆனால் பென்சிலும் நீட்டப்பட்டிருந்தது. வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

ஒரே பெரிய நாற்காலியில் இப்போது முதலாளியம்மா உட்கார்ந்திருந்தார். சொற்கடல் முன்வரிசைப் பெஞ்சில், பல்லில்லாத சிறுமிக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை மறுபடி எடுத்துப் போட்டு, அட்டையை முழங்கால்மேல் வைத்து எழுதினார். இரண்டு தடவை அடித்து எழுதினார். பிறகு படித்தார். “கோபித்துக்கொள்ளுதல். அறையைவிட்டு வெளியே போய், உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டிருப்பது.”

“சரியா இருக்கு” என்றாள் சிறுமி.

சொற்கடல் அட்டையில் கையெழுத்திட்டார். ஆமாஞ்சாமி படிக்காமலே இட்டார். அடிக்குறிப்பு பேனாவைத் திறந்து ஏதோ சேர்க்கப் பார்த்தார். வகுப்பு முழுதும் அவரையே பார்த்ததால் பேசாமல் இட்டார். முதலாளியம்மா மற்ற நூற்று நாற்பதையும் பின்பக்கம் மேலாகத் திருப்பி, அடுக்காகச் சொற்கடலின் முன்னால் வைத்தார். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, மேலே இருந்த அட்டையை இழுத்து முதல் கையெழுத்தைப் போட்டார்.

“ரெண்டாவது தடவையே வந்துட்டாரு” என்றான் கண்ணாடிப் பையன், சிறுமியின் காதில்.

“பாவம், ரொம்ப நேரமா நின்னாருல்ல” என்றாள் அவள்.